ஹனுக்கா பரிசுத் தாள்: அச்சிட்டுக் கற்கும் கணிதம்

வகுப்பு: 6 முதல் 8 வரை
நேரம்: இரண்டு பாடவேளைகள்

பின்னணி

யூதர்கள் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ எட்டு நாள் கொண்டாடும் விளக்குத் திருநாள் ஹனுக்கா. கி.மு. 164இல் எருசலேம் ஆலயம் மீட்கப்பட்டு மீண்டும் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதன் நினைவு இது. முன்பு குழந்தைகளுக்குச் சிறு நாணயங்களே கொடுத்தார்கள். பரிசுப் பொட்டலம் தரும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க யூதக் குடும்பங்களில் வளர்ந்தது. பரிசைச் சுற்றும் தாளைக் குழந்தைகளே வீட்டில் அச்சிடுவதும் உண்டு. இதற்கு உருளைக்கிழங்கு அச்சு பொருத்தமானது. இத்திருநாளின் பலகாரமான லட்காவும் உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரிப்பதுதான்.

தேவையானவை

பிரவுன் ஷீட் அல்லது ஒரு பக்கம் அச்சான பழைய நாட்காட்டித் தாள், உருளைக்கிழங்கு, நீலம் மற்றும் வெள்ளை போஸ்டர் கலர், பழைய துணி, அட்டைத் துண்டு.

செயல்பாடு 1: நட்சத்திரம்

கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தை ஈரம் போகத் துடைக்கவும். ஈரம் இருந்தால் நிறம் வழியும். அதில் 3.5 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தை மேடாகச் செதுக்கவும். கத்தி வேலையை ஆசிரியரே செய்யட்டும். ஒருமுறை அச்சிட்டபின், அச்சைத் தலைகீழாகத் திருப்பி அதன்மேல் மீண்டும் பதித்தால் ஆறுமுனை நட்சத்திரம் கிடைக்கும். முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ 3 செ.மீ. ஆகவே இரண்டாம் முக்கோணத்தின் அடிப்பக்கம், முதல் முக்கோணத்தின் உச்சிக்கு 1 செ.மீ. கீழே அமைய வேண்டும். ஏன் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நட்சத்திரத்துக்கு எத்தனை சமச்சீர்க் கோடுகள்? (6)

செயல்பாடு 2: மெழுகுவத்திகள்

அட்டையின் விளிம்பை நிறத்தில் தோய்த்துப் பதித்தால் மெழுகுவத்தி; விரல் நுனியால் தொட்டால் சுடர். முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என எட்டுவரை ஏற்றுவார்கள். மற்றவற்றை ஏற்ற உதவும் 'ஷமாஷ்' ஒன்று ஒவ்வோர் இரவும் கூடுதல். எட்டு வரிசைகளாக அச்சிட்டு, மொத்தம் எத்தனை எனக் கேளுங்கள். 2 + 3 + … + 9 = 44. முதலையும் கடைசியையும் சேர்த்தால் 11. அப்படி 4 இணைகள்.

செயல்பாடு 3: பெட்டியைச் சுற்றுதல்

பெட்டியின் அளவு 20 × 12 × 5 செ.மீ. எனில், புறப்பரப்பு 800 ச.செ.மீ. தாளின் அகலம் 2(12 + 5) + 2 = 36 செ.மீ.; நீளம் 20 + 4 + 4 = 28 செ.மீ. தாளின் பரப்பு 1008 ச.செ.மீ. மீதி 208 ச.செ.மீ. எங்கே போயிற்று? சுற்றிய பெட்டியைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த மடிப்புகளை மாணவர்கள் நிழலிட்டுக் காட்டட்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

எபிரேய எழுத்தை அச்சாகச் செதுக்கினால், தாளில் இடவலம் மாறி விழும், நட்சத்திரம் மாறாது. சமச்சீரை விளக்க இது நல்ல சான்று. ஆனால் இறைவன் பெயரையோ மறைநூல் வரிகளையோ அச்சிட வேண்டாம். பரிசுத் தாள் கிழிக்கப்பட்டுக் குப்பைக்குப் போவது. இறைவன் பெயர் எழுதிய தாளை யூதர்கள் எறிவதில்லை. தனியே சேர்த்து வைத்துப் பின்னர் மண்ணில் புதைப்பார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் எங்கும் அச்சிடலாமா என்று வகுப்பில் கேளுங்கள். பிறர் புனிதமாகக் கருதுவதைத் தெரிந்துகொண்டு நடப்பதும் இப்பாடத்தின் கற்றல் விளைவே.

மதிப்பீடு

10 × 10 × 10 செ.மீ. பெட்டிக்குத் தேவையான தாளின் அளவை வெட்டும் முன்பே கணக்கிட்டு, பின் சுற்றிச் சரிபார்க்கச் செய்க.