குறையைக் கண்டால் மட்டும் போதுமா?
மென்பொருள் சோதனைப் பணியும் சொல்லும் திறனும்



பொறியியல், பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த நம் பிள்ளைகளுக்கு மென்பொருள் துறையில் திறக்கும் வாசல்களில் ஒன்று டெஸ்டிங் எனப்படும் சோதனைப் பணி. பயிற்சி நிலையத்தில் சில மாதங்கள் படிக்கிறார்கள், சான்றிதழும் வாங்குகிறார்கள். ஆனால் நேர்காணலில், அதையும் தாண்டிவிட்டால் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பலர் தடுமாறுகிறார்கள். அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் கணினி அறிவில் இல்லை. கண்ட குறையை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, மறுத்துப் பேசினால் என்ன செய்வது என்பதில்தான். அலுவலகங்களில் இதைச் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்கிறார்கள், தமிழில் மென்திறன்கள். இது பயிற்சி நிலையத்துக்குப் போகும் முன்பே வீட்டில் தொடங்க வேண்டிய பாடம் என்பதால் பெற்றோர்களும் சேர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சோதனைப் பணி என்றால் என்ன?

நாம் செல்போனில் பணம் அனுப்புகிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம். அந்தச் செயலியை எழுதுபவர் டெவலப்பர். அது மக்கள் கைக்கு வருமுன் பல விதங்களில் பயன்படுத்திப் பார்த்து, எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பவர் டெஸ்டர். அவர் கண்டுபிடிக்கும் குறைக்கு ‘பக்’ என்று பெயர். அதை எழுதிப் பதிவு செய்வார். டெவலப்பர் திருத்துவார். திருத்தியது சரிதானா என்று டெஸ்டர் மீண்டும் பார்ப்பார்.

ஆக, ஒரு டெஸ்டர் நாள்தோறும் செய்யும் வேலை, உடன் பணிபுரிபவரிடம் “உங்கள் வேலையில் இங்கே தவறு இருக்கிறது” என்று சொல்வது. யாருக்கும் அது கேட்க இனிக்காது. சோதனைப் பணிக்கு உலக அளவில் வழங்கப்படும் ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படைச் சான்றிதழின் 2023-ஆம் ஆண்டுப் பாடத்திட்டமும், கெட்ட செய்தி கொண்டு வருபவரையே குறை சொல்வது மனித இயல்பு என்பதைச் சுட்டிக்காட்டி, டெஸ்டருக்குப் பேச்சுத் திறன் மிக அவசியம் என்கிறது. அந்தத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம். 26 சரியாக எழுதினால் தேர்ச்சி. சான்றிதழ் வாங்கிவிடலாம். அதன் பிறகு அந்தத் திறனை நடைமுறையில் காட்ட வேண்டும்.

பள்ளிவாசலில் நாம் கற்ற முறை

தவறைச் சுட்டிக்காட்டும் பண்பு நமக்குப் புதிதல்ல. ஜமாஅத் தொழுகையில் இமாம் ஓதும்போது ஓர் ஆயத்து தவறிவிட்டால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்கிறார். ரக்அத்தில் மறதி ஏற்பட்டால் “ஸுப்ஹானல்லாஹ்” என்று நினைவூட்டுகிறார். இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். சொல்பவர் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறார். தவறு நடந்த அந்த இடத்திலேயே சொல்கிறார். தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறார். சொன்ன பிறகு அதே இமாமைப் பின்பற்றித் தொழுகையைத் தொடர்கிறார். இமாமும் கோபப்படுவதில்லை. தொழுகை எல்லோருக்கும் உரியது, அது சரியாக நிறைவேற வேண்டும் என்பதே இருவரின் நோக்கம்.

ஒரு நல்ல சோதனைக் குழுவும் இப்படித்தான் இயங்குகிறது. இனி அதற்கு வேண்டிய திறன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பிறர் செய்து பார்க்கும்படி எழுதுதல்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “பணம் செலுத்தும் பக்கம் சரியில்லை. உடனே பார்க்கவும்.” டெவலப்பர் திறந்து பார்க்கிறார், சரியாக இருக்கிறது. “என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் வருகிறது” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் மனக்கசப்பு, குறையோ அப்படியே இருக்கிறது.

அதையே இப்படி எழுதலாம்: “ஆண்ட்ராய்டு செல்போனில் 500 ரூபாய்க்குப் பொருள் எடுத்து, 50 ரூபாய் தள்ளுபடிக் குறியீட்டைப் போட்டேன். தொகை 450 ஆனது. முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்து அதே குறியீட்டை மறுபடி போட்டேன். 450 என்றே இருக்க வேண்டும். 400 என்று காட்டுகிறது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இப்படியே. திரையின் படம் இணைத்துள்ளேன்.” இதை மறுக்க யாராலும் முடியாது. என்ன செய்தோம், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் ஆகிய மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். தெராக்-25 என்ற கணினியால் இயங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் அது நடந்தபோது திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். அந்தப் பிழையை அவர்களால் மீண்டும் வரவழைக்க முடியவில்லை. கருவி மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரலில் இன்னொரு நோயாளிக்கும் அதே கதி. அந்த மருத்துவமனையில் பாதிக்கப்பட்ட இருவரும் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகு அங்கிருந்த இயற்பியலாளரும் கருவியை இயக்கிய பணியாளரும் சேர்ந்து உட்கார்ந்து, அன்று செய்ததையெல்லாம் நினைவுபடுத்தித் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் பிழை வந்துவிட்டது. தவறாகத் தட்டிய ஓர் எழுத்தை மிக வேகமாகத் திருத்தினால் கருவி குழம்பிவிடுகிறது! தயாரிப்பாளருக்குச் செய்முறையைச் சொன்னார்கள். அங்கிருந்த பொறியாளர் செய்து பார்த்துவிட்டு, “எனக்கு வரவில்லை” என்றார். “வேகமாகச் செய்ய வேண்டும்” என்று விளக்கிய பிறகுதான் அவருக்கும் வந்தது.

வேகமாக என்ற ஒரு விவரம் விடுபட்டால் உண்மையான குறைகூட இல்லாத குறை ஆகிவிடுகிறது. கருவியை இயக்குபவரை மதித்து, அவரோடு பொறுமையாக உட்கார்ந்து, அவர் விரல்கள் செய்ததைக் கேட்டறிந்ததால்தான் அந்த விவரம் வெளியே வந்தது.

2. சொல்லுமுன் தீர விசாரித்தல்

ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பது சூரத்துல் ஹுஜுராத் நமக்குத் தரும் பாடம். அலுவலகத்திலும் இது பொருந்தும். பக் என்று பதிவு செய்யுமுன் மீண்டும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நாம் பழைய பதிப்பில் சோதித்தோமா, வேறு யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்களா, வாடிக்கையாளர் கேட்டதே இதுதானா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு முறை தவறாகச் சொன்னவரின் மூன்றாவது உண்மையையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தவறாகப் பதிவு செய்துவிட்டால், “நான் சரியாகப் பார்க்கவில்லை, இதை மூடிவிடுகிறேன்” என்று ஒப்புக்கொள்வதால் மதிப்பு கூடும்.

3. ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுதல்

“நீங்கள் எழுதியது தப்பு”, “இதுகூடப் பார்க்கவில்லையா?” என்ற சொற்கள் ஆளைத் தாக்குகின்றன. “இந்தப் பக்கத்தில் தொகை மாறி வருகிறது, சேர்ந்து பார்ப்போமா?” என்பது வேலையைப் பற்றியது. தாம் எழுதிய நிரலைத் தம் உடலின் ஒரு பகுதிபோல நினைப்பதால்தான் குறை சொன்னால் கோபம் வருகிறது என்பதை ஜெரால்ட் வெயின்பெர்க் என்ற கணினி அறிஞர் 1971-லேயே எழுதினார். டெவலப்பரின் அந்த மனதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பலர் இருக்கும் கூட்டத்தில் ஒருவரைச் சங்கடப்படுத்துவதைவிட, அவர் இருக்கைக்குப் போய் இரண்டு நிமிடம் பேசுவது பலன் தரும். அவர் இல்லாத இடத்தில் அவர் வேலையைக் கேலி செய்வது புறம் பேசுதலில் சேரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நபி மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது, அவனிடமும் மென்மையாகப் பேசும்படியே அல்லாஹ் கட்டளையிட்டான். நம் அலுவலகத்தில் இருப்பவர் யாரும் ஃபிர்அவ்ன் அல்லர்.

4. மென்மையோடு உறுதி

மென்மை என்றால் வாய்மூடி இருப்பதல்ல. நம் பிள்ளைகளில் பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், “மேலே இருப்பவர் மறுத்துவிட்டார், நான் ஏன் பேச வேண்டும்” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டெஸ்டரின் மௌனத்துக்கு விலை உண்டு.

அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று அங்கே சென்றடைந்த வேளையில் அழிந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் பிரிட்டிஷ் அளவு முறையில் கணக்கைக் கொடுத்தது. பெற்றுக்கொண்ட குழு அதை மெட்ரிக் முறை என்று எடுத்துக்கொண்டது. பாதையைக் கவனித்து வந்தவர்களுக்கு ஏதோ பிசகு இருக்கிறது என்ற சந்தேகம் முன்பே இருந்தது. ஆனால் அது பேச்சோடும் மின்னஞ்சலோடும் நின்றுவிட்டது. முறையான பதிவேட்டில் ஏறித் தீர்வு வரை பின்தொடரப்படவில்லை. குழுக்களுக்கிடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்பதையும் விசாரணைக் குழு ஒரு காரணமாகச் சொன்னது.

ஆகவே குறையை வாயால் சொன்னதோடு விடாமல், அதற்குரிய இடத்தில் பதிவு செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் மரியாதையாக மீண்டும் கேட்க வேண்டும். “இதை இப்படியே விட்டால் வாடிக்கையாளருக்கு இந்த நஷ்டம் வரும். முடிவு உங்களுடையது, என் கருத்தைப் பதிவு செய்துள்ளேன்” என்று சொல்லப் பழக வேண்டும். நம் கையில் தரப்பட்ட வேலை அமானிதம். தெரிந்த குறையை மறைத்துச் சரக்கை விற்கும் வியாபாரியை நாம் ஏற்பதில்லை அல்லவா?

இதே உறுதி நம் சொந்தத் தேவையிலும் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கூட்டம் வைத்தால், கடைசி நிமிடத்தில் சொல்லாமல் எழுந்து போவதும் சரியல்ல, மனதுக்குள் புழுங்குவதும் சரியல்ல. வேலையில் சேர்ந்த முதல் வாரமே குழுத் தலைவரிடம், “வெள்ளிக்கிழமை மதியம் இந்த நேரம் நான் இருக்க மாட்டேன், அந்த வேலையை இன்ன நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்” என்று சொல்லிவிடலாம். முன்கூட்டியே, மாற்று வழியோடு கேட்டால் ஒப்புதல் கிடைப்பது எளிது.

5. கேட்கத் தெரிதல்

பல குழுக்களில் காலையில் 15 நிமிடக் கூட்டம் நடக்கும். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எங்கே தடை என்று ஒவ்வொருவரும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பேசும்போது கவனித்துக் கேட்பவருக்கு, இன்று எதைச் சோதிக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். புரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். “தெரியும்” என்று தலையாட்டிவிட்டு இரண்டு நாள் வீணாக்குவதே வெட்கம்.

பெற்றோர்கள் செய்யக்கூடியவை

கண்ணாடி டம்ளரை உடைத்த பிள்ளை தானே வந்து சொன்னால், முதலில் அது உண்மை சொன்னதைப் பாராட்டுங்கள். அடி விழும் வீட்டில் பிள்ளை மறைக்கக் கற்கிறது. மறைத்துப் பழகியவர் நல்ல டெஸ்டர் ஆவது கடினம்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் கல்லூரி அலுவலகத்திலும் பிள்ளைக்காக அத்தாவும் அம்மாவும் பேசாமல், பிள்ளையையே பேச விடுங்கள். பெண் பிள்ளையையும் அப்படியே.

உங்கள் செல்போன் மக்கர் செய்தால் பிள்ளையிடம் கொடுத்து, “என்ன செய்தால் இப்படி வருகிறது என்று வரிசையாக ஐந்து வரியில் எழுதிக் கொடு” என்று கேளுங்கள். தமிழில் தெளிவாக எழுத வந்த பிறகு, அதையே எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

சிந்திக்க மூன்று கேள்விகள்

ஒன்று: கடந்த வாரம் யாருடைய தவறையாவது சுட்டிக்காட்டினீர்களா? ஆளைச் சொன்னீர்களா, செயலைச் சொன்னீர்களா?

இரண்டு: உங்கள் தவறை ஒருவர் சொன்னபோது உங்கள் முதல் பதில் என்னவாக இருந்தது?

மூன்று: சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் ஏதேனும் நஷ்டம் ஏற்பட்டதுண்டா?

குடும்பமாக உட்கார்ந்து, பெரியவர்கள் முதலில் பதில் சொல்லித் தொடங்குங்கள்.

நபி மூஸா (அலை) அவர்கள் பெரும் பொறுப்பை ஏற்றபோது, நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் கேட்டார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். பேச்சுத் தயக்கம் யாருக்கும் குறையல்ல; அதைச் சரிசெய்ய துஆவும் முயற்சியும் துணையும் தேடுவதே நம் கடமை. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவில் தெளிவையும் உள்ளத்தில் நேர்மையையும் உழைப்பில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.