பட்டமும் உறுதிமொழியும்

நுழையும்முன்
அரசர் பட்டமேற்பதைக் காணக் கூடும் கூட்டமும் குடியரசுத் தலைவர் பதவியேற்பதைக் காணக் கூடும் கூட்டமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று தில்லியில் கூடியவர்கள் எதைக் கண்டனர்? அந்நாள் செட்டிநாட்டு மக்களுக்கு என்ன பொருள் தந்தது?

காரைக்குடியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அமைந்த செட்டிநாட்டில் 'பட்டம்' என்னும் சொல் இருவகையில் வழங்கிவந்தது. சேதுபதிகளும் சிவகங்கை மன்னர்களும் அரசுரிமையுடன் ஏற்றது ஒருவகைப் பட்டம். ஆள்வோர் தமக்கு உகந்தோர்க்கு அளித்தது மற்றொரு வகை. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியாருக்கு ஆங்கில அரசு 1929இல் வழங்கிய 'செட்டிநாட்டு அரசர்' என்னும் வழிவழிப் பட்டம் பின்னதற்குச் சான்று. முன்னது குருதிவழி வருவது. பின்னது மேலிருந்து இறங்குவது. இரண்டிலும் குடிமக்களுக்கு இருந்த பங்கு, நின்று பார்ப்பது ஒன்றுதான்.

அரசமைப்பு நிருணய மன்றம் 1950 சனவரி 24 அன்று இராசேந்திர பிரசாத்தைப் போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இரு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, தில்லி அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில் விழா தொடங்கியது. இறுதித் தலைமை ஆளுநராக இருந்த தமிழர் இராசாசி, இந்தியா இறையாண்மை மிக்க மக்களாட்சிக் குடியரசு ஆனது என்னும் அறிவிப்பை 10.18 மணிக்குப் படித்தார். ஆறு நிமிடம் கழிந்தது. தலைமை நீதிபதி ஹரிலால் கனியா முன்னிலையில் இராசேந்திர பிரசாத் உறுதிமொழி ஏற்றார். முடி சூட்டுவார் எவரும் இல்லை, செங்கோலும் கைமாறவில்லை. 31 பீரங்கிகள் முழங்கின. புதிய தலைவர் முதலில் இந்தியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் சுருக்கமாக உரையாற்றினார்.

மண்டபத்தினுள் இடம்பெற்றோர் சில நூறு பேரே. மக்கள் விழா பிற்பகலில்தான் தொடங்கியது. 2.30 மணிக்கு, அசோகரது சிங்கச் சின்னம் பொறித்த, 35 ஆண்டுப் பழைமையுடைய கோச்சு வண்டியில் தலைவர் புறப்பட்டார். ஆறு ஆசுதிரேலியக் குதிரைகள் அதனை மெல்ல இழுத்துச் சென்றன. வழியெங்கும் மக்கள், மரக்கிளைகளிலும் மாடிகளிலும் மக்கள். 'ஜெய்' என்னும் முழக்கம் ஓயவில்லை. வண்டியிலிருந்தவர் இருகரம் கூப்பி மக்களை வணங்கியவாறே சென்றார். ஏறத்தாழ 15,000 பேர் கூடியிருந்த இர்வின் அரங்கத்தை 3.45 மணி அளவில் அடைந்து, முப்படை அணிவகுப்பைப் பார்வையிட்டார். இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ சிறப்பு விருந்தினர். அவரும் முந்தைய மாதம்தான் தம் நாட்டில் பதவியேற்று, பெருங்கூட்டத்தின் வரவேற்புடன் சகார்த்தா நகருக்குத் திரும்பியிருந்தார்.

அக்கூப்பிய கரங்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே தில்லியில் 1911 திசம்பரில் ஐந்தாம் சார்சு மன்னரின் முடிசூட்டுத் தர்பார் நிகழ்ந்தது. அங்கு இந்தியச் சிற்றரசர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து மன்னரைப் பணிந்தனர். 39 ஆண்டுகளுக்குள் வணக்கத்தின் திசை மாறிவிட்டது. கோச்சு வண்டி, குதிரைப்படை, பீரங்கி ஆகிய பழைய ஆரவாரங்கள் அப்படியே இருந்தன என்பதும் உண்மை. அவற்றை இவ்வளவு பத்திரமாகக் காத்துவைத்திருக்க வேண்டுமா என்று கேட்போரும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

எனினும் மாற்றம் வண்டியில் இல்லை, சொல்லில் இருந்தது. ஆள்வோர் சூளுரைப்பது தமிழர்க்குப் புதிதன்று. போரில் பகைவரை வெல்லேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் எனத் தூற்றட்டும் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் உள்ளது. குடிமக்களின் பழிக்கு அஞ்சிய அரசன் அவன். ஆயினும் தவறினால் அவனைப் பதவியிலிருந்து விலக்கும் வழி குடிகளிடம் இல்லை. அரசமைப்பின் 60ஆம் உறுப்பு வகுத்த உறுதிமொழியோ, அரசமைப்பையும் சட்டத்தையும் காப்பதாகவும் மக்களின் நல்வாழ்வுக்குத் தம்மை ஒப்படைப்பதாகவும் தலைவரைச் சொல்ல வைக்கிறது. அரசமைப்பை மீறுபவரைப் பதவிநீக்க அடுத்த உறுப்பே வழி செய்கிறது.

செட்டிநாட்டார் இதற்கு ஈராண்டுக்கு முன்பே ஒரு குடியரசின் பிறப்பைக் கண்டிருந்தனர். அது கடலுக்கு அப்பால் பிறந்தது. சோதிடர் குறித்த நேரப்படி, 1948 சனவரி 4 அன்று விடியுமுன் 4.20 மணிக்குப் பர்மா விடுதலை பெற்றது. சாவோ சுவே தைக் அதன் முதல் குடியரசுத் தலைவரானார். இரங்கூன் மக்கள் மகிழ்ந்த அந்நாளில், அங்கு எஞ்சியிருந்த நகரத்தார்க்கு நெஞ்சில் கலக்கமே மிகுந்திருக்கும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் அடைபடாமல் போகவே, ஈடாக வைத்த நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவ்வாறு சேர்ந்தது. நிலமிழந்த பர்மிய உழவரின் துயரத்தையும் இங்கு மறைக்கலாகாது. புதிய குடியரசு 1948லேயே நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. பல தலைமுறைகள் வாழ்ந்த மண்ணில் அவர்கள் அயலாராயினர்.

ஆகவே, 1950இல் தில்லிச் செய்தி நாளிதழ் வழியாகவும் வானொலி வழியாகவும் காரைக்குடியை எட்டியபோது, ஒரு குடியரசில் குடிமகனாக இருப்பதற்கும் அயலானாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் அவ்வூரில் மிகக் குறைவு. அதே நாளில் நடைமுறைக்கு வந்த 18ஆம் உறுப்பின்படி, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதனையும் அரசு இனி எவருக்கும் வழங்க இயலாது.

அன்று காரைக்குடியும் இராமேசுவரமும் ஒரே இராமநாதபுர மாவட்டத்தில் இருந்தன. 1985இல்தான் சிவகங்கைப் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இராமேசுவரத்தில் பிறந்து, சேதுபதிகள் பட்டமேற்ற இராமநாதபுரத்தில் உயர்நிலைப்பள்ளிக் கல்வி பெற்ற ஒருவர், குடியரசு பிறந்த அதே 1950ஆம் ஆண்டில் திருச்சித் தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அவர் அப்துல் கலாம். 2002 சூலை 25 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில், தலைமை நீதிபதி கிர்பால் முன்னிலையில், 60ஆம் உறுப்பின் அதே உறுதிமொழியை அவர் ஏற்றார். செட்டிநாட்டு வீடுகளில் இருந்தோர் இம்முறை அதனைத் தொலைக்காட்சியில் கண்டனர்.