எது எப்படி வந்தது? – பொம்மை விமானமும் நிஜ விமானியும்

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் மகன் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் போர் விமானம் கொண்டுவந்திருக்கிறான். விலையைச் சொன்னான், குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டியே பிடித்துவிடலாமுங்க! அடியில் 1:72 என்று போட்டிருக்கிறதே, அதென்ன கணக்கு?
– வாசகர், அந்தியூர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். அது இரும்பு இல்லீங்க. துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம், செம்பு, மெக்னீசியம் கலந்து உருக்கி, அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி வார்க்கிற 'டை காஸ்டிங்' உருப்படி. கோவைப் பட்டறைக்காரர்களுக்குப் புதிதில்லை.

ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆறடி ஆளை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1:72. 1932-ல் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற மர மாதிரிகள் இந்த அளவைப் பிடித்துக்கொண்டன. 1936-ல் 'ஃபிராக்' நிறுவனம் அதே அளவில் பிளாஸ்டிக்கில் இறக்கியது.

ஆனால் இந்த அளவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது யுத்தம்தான். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிப் பிள்ளைகளிடம் இதே அளவில் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம். வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவை வைத்தே கண்டுபிடிக்கப் பீரங்கிக்காரர்கள் பழக வேண்டுமே! 35 அடி தள்ளிப் பிடித்தால், 2,520 அடிக்கு அப்பால் பறக்கும் நிஜ விமானம் போலவே தெரியும். ஆக, இன்று கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் பாடப்பொருள். போர் முடிந்ததும் அது விளையாட்டுக்குத் திரும்பியது. 1953-ல் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் விற்ற 'ஸ்பிட்ஃபயர்' போர் விமானத் தொகுப்பின் விலை இரண்டே ஷில்லிங்.

கேள்வி: பெட்டியில் விமானியின் பெயரும் கதையும் அச்சடித்திருக்கிறார்களே, நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். வெறும் ஸ்பிட்ஃபயரைவிட 'இன்னார் ஓட்டிய ஸ்பிட்ஃபயர்' கூடுதல் விலைக்குப் போகும். அதனால்தான் வாலில் எண், மூக்கில் சின்னம், வீழ்த்திய விமானங்களுக்கு வரிசையாகக் கோடுகள் எல்லாம். முதல் உலகப் போரின் ஜெர்மானிய விமானி ரிக்தோஃபனை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய மூன்றடுக்கு இறக்கைச் சிவப்பு விமானம். அவர் வீழ்த்தியது 80. அதில் அந்த மூன்றடுக்கில் வீழ்த்தியது ஏறத்தாழக் கால்வாசிதான். பெரும்பகுதியை வீழ்த்திய 'ஆல்பட்ராஸ்' அலமாரிக்கு அவ்வளவு எடுப்பாக இல்லை போலும்.

நிஜக் கணக்கு தாமதமாக வெளிவந்த கதையும் உண்டு. 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போன நம் விமானி, குடகுக்காரர் தேவய்யா திரும்பவில்லை. ஒலியை மிஞ்சாத 'மிஸ்டேர்' விமானத்தில் இருந்துகொண்டு, ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பாயும் 'ஸ்டார்ஃபைட்டர்' ஒன்றை அவர் வீழ்த்திய விவரம், பிற்பாடு ஓர் ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தால்தான் நமக்குத் தெரிந்தது. மகாவீர் சக்ரா 1988-ல் வந்தது. இருபத்துமூன்று வருஷம்!

கேள்வி: நம்ம பக்கத்தோடு சம்பந்தப்பட்ட விமானம் எதையாவது வாங்கச் சொல்லுங்களேன்.

பதில்: 'நேட்' வாங்குங்கள். ஆங்கிலேயர் வடிவமைத்தது, பெங்களூரில் நாமே கட்டியது. நிஜ விமானமே ஒன்பது மீட்டர் நீளத்தைத் தொடாது. 1:72-ல் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

1971 டிசம்பர் 14. பாகிஸ்தானின் ஆறு 'சேபர்' போர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கின. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே 18-ஆம் படைப்பிரிவின் இரண்டு நேட்கள் மேலெழுந்தன. முன்னால் போனவர் கும்மன். பின்னால் நிர்மல்ஜித் சிங் சேக்கோன். மேலே போனதும் இருவரும் பிரிந்துபோக, சேக்கோன் தனியாகவே சேபர்களோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் அவருடைய விமானம் அடிபட்டு விழுந்தது. அவர் எத்தனை சேபர்களைத் தாக்கினார் என்பதில் இரு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. அந்தத் துணிச்சலை மட்டும் யாரும் மறுக்கவில்லை. இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

நம்ம பக்கம் எங்கே வருகிறது என்கிறீர்களா? அந்த 18-ஆம் படைப்பிரிவு 2016-ல் மிக்-27களோடு ஓய்வுக்குப் போயிற்று. 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு மறுபடி பணிக்கு வந்தது கோவையை அடுத்த சூலூர் தளத்தில்தான்.

வாங்குமுன் ஒன்று பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது பிரிட்டனின் 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழு ஓட்டிய சிவப்பு நேட். அது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். சேக்கோன் ஓட்டியது ஒற்றை இருக்கை. காசு கொடுக்கும் முன் இருக்கையை எண்ணிவிடச் சொல்லுங்கள் மகனிடம்.