விருந்தும் முன்னேற்பாடும்

பள்ளியிறுதி வகுப்பு மாணவியருக்குப் பிரிவு உபசார விழா நடத்துவது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். பாட்டும் பேச்சும் முடிந்ததும் விருந்து. அந்த விருந்தைச் சமைப்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரத்தில் தாய்மார் பலர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்திற்கும் வேலைக்குச் செல்பவர்கள். விருந்துக்காக ஒரு பகல் அடுப்படியில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. கூலியை விட்டு வந்தாலும், மகள் மேடையேறும் நேரத்தில் அவர்கள் கரண்டியும் கையுமாக இருப்பார்கள். ஆகவே வேலையை முன் மாலைகளிலேயே பகிர்ந்து முடித்து, சமைத்தவரும் விழாவில் அமரும்படி 60 பேருக்கு விருந்து அமைப்பது எப்படி எனக் காண்போம்.

எதை முன்கூட்டிச் செய்யலாம்?

உணவு கெடுவதற்குப் பெருங்காரணம் நுண்ணுயிர்கள். அவை பெருக ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். ஈரம் குறைந்த பண்டம், வெல்லப்பாகு ஏறிய பண்டம், புளிப்பு மிகுந்த பண்டம் ஆகியவற்றில் அவை எளிதில் பெருகா. நம் பாட்டிமார் வழிப்பயணத்திற்குப் புளியோதரையும் சேவும் கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்ததன் அறிவு இதுவே.

வெறுஞ்சோறு அப்படியன்று. பாசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் அழிவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடு செய்தாலும் அந்நஞ்சு நீங்காது. எனவே புளிக்காய்ச்சலை மூன்று நாள் முன்னரே செய்யலாம். சோற்றை விழா நாளில்தான் வடிக்க வேண்டும். சமைத்த உணவை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்கலாகாது என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரி செல்சியசைத் தாண்டினால் 1 மணி நேரமே. நம் ஊர்ப் பங்குனி வெயில் இந்த அளவைத் தாண்டும் என்பதை நாம் அறிவோம்.

பண்டங்களும் அளவும்

விழா பெரும்பாலும் தவக்காலத்தில் வருவதால் மரக்கறி உணவே எல்லோருக்கும் பொருந்தும். இறைச்சியையும் முட்டையையும் வெயிலில் காக்கும் கவலையும் இல்லை.

1. புளியோதரை: அரிசி 3 கிலோ, புளி 400 கிராம், நல்லெண்ணெய் அரை லிட்டர்.
2. தயிர்சாதம்: அரிசி 2 கிலோ, காய்ச்சி ஆறிய பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர்.
3. கடலை உருண்டை: நிலக்கடலை 2 கிலோ, வெல்லம் ஒன்றேகால் கிலோ.
4. சாத்தூர்ச் சேவு: 2 கிலோ.
5. பானகம்: கொதித்து ஆறிய நீர் 12 லிட்டர், வெல்லம் ஒன்றே முக்கால் கிலோ, எலுமிச்சம்பழம் 12, சுக்கு, ஏலக்காய்.
6. மாங்காய் ஊறுகாய், மோர்மிளகாய்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா நம் மாவட்டத்தின் பெருமை. ஆயினும் அது பால் பண்டம். வேண்டுமாயின் விழா நாள் காலையில் வாங்கி அன்றே உண்ண வேண்டும். நிலக்கடலை ஒவ்வாதவர் உண்டா என்பதையும் முன்பே கேட்டறிவது நலம்.

வேலைப் பங்கீடு

ஒரு வாரம் முன்: பெயர்ப்பட்டியல் எழுதுவோம். எல்லோரிடமும் ஒரே தொகை கேட்பதைவிட, இயன்றதைக் கேட்பது நன்று. ஒருத்தி வீட்டுப் புளி, ஒருத்தி வீட்டு எலுமிச்சை, ஒருத்தியின் கையுழைப்பு என எல்லாம் ஒரே மதிப்புடையவை.

மூன்று நாள் முன், மாலை: புளியைக் கரைத்து, எண்ணெய் பிரியும் வரை காய்ச்சி, ஆறியபின் பீங்கான் ஜாடியில் வைப்போம். அலுமினியப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிக்கு ஆகா. ஈரக் கரண்டி படலாகாது.

இரண்டு நாள் முன்: கடலை உருண்டை பிடித்து டப்பாவில் மூடுவோம்.

முந்தின மாலை: நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி மூடுவோம். சுக்கும் ஏலமும் பொடிப்போம்.

விழா நாள்: சோறு வடித்து, அகன்ற தட்டில் பரப்பி ஆற்றி, புளிக்காய்ச்சலைக் கலப்போம். தயிர்சாதத்தை விருந்துக்குச் சற்று முன்னரே கலப்போம். இதற்கு இரண்டு மணி நேரமும் நான்கு கைகளும் போதும்.

இங்கு நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பட்டாசு ஆலையிலிருந்து வருபவர் குளித்து, உடை மாற்றிய பின்னரே அடுப்பருகில் வர வேண்டும். துணியில் ஒட்டிய மருந்துத் தூளுக்கு ஒரு பொறி போதும். அடுத்து, அச்சகக் கழிவுத்தாள் நம் வீடுகளில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதில் சேவு வைத்தலும் மோர்மிளகாயின் எண்ணெய் வடித்தலும் கூடாது. அச்சுமை உணவில் ஏறும். செய்தித்தாளில் உணவைப் பொதிவது தீங்கு என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது.

பரிமாறும் முறை

தாமே எடுத்து உண்ணும் விருந்தைப் பஃபே என்பர். நீண்ட மேசையைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டால் இருபுறமும் வரிசை நகரும். முதலில் தட்டு, பிறகு சாதங்கள், ஊறுகாய், சேவு, கடைசியில் இனிப்பு. பானகமும் நீரும் வேறொரு மேசையில் இருக்கட்டும். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனிக் கரண்டியும் மூடியும் வேண்டும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. பந்தியில் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க ஆள் இருக்கும்; பஃபேயில் கூச்சமுள்ளவர்கள் அரைவயிறோடு நின்றுவிடுவார்கள். ஆதலால் இரு மாணவியர் கையில் பாத்திரத்துடன் சுற்றி வந்து, முதியோரையும் தனித்து நிற்பவரையும் கவனிக்க வேண்டும். கடைசித் தட்டு ஏந்துபவருக்கும் எல்லாப் பண்டமும் இருக்கிறதா எனப் பார்ப்பதும் அவர்கள் கடமையே.

திட்டமிடுதல் என்பது பிறருடைய உழைப்பை மதித்தல். அடுப்படியில் நிற்க வேண்டிய தாய் அன்று முன்வரிசையில் அமர்ந்து கை தட்டினால், நம் விருந்து நல்ல விருந்தே.