ஃபியூவல் ஃபில்டரை மாற்றலாமா, வேண்டாமா?

வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், "ஃபியூவல் ஃபில்டரை மாத்திப் பார்ப்போம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். எங்கள் வீட்டில் டீசல் காரும் இருந்தது, பெட்ரோல் காரும் இருக்கிறது. இரண்டையும் பல வருடம் பராமரித்ததில் எனக்குத் தெளிவானது, இந்தப் பதிலை இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது.

டீசல் காரென்றால் கோளாறு வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1600 பார் அழுத்தத்தில், சிலவற்றில் அதற்கும் மேலாக, இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. ஹை பிரஷர் பம்புக்கு வழுவழுப்புத் தருவதும் அதே டீசல்தான். அதில் தண்ணீர் கலந்தால் வழுவழுப்பு போய்த் தேய்மானமும் துருவும் சேர்ந்து வரும். ஃபில்டரின் விலையை ஒரு இன்ஜெக்டரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யாரும் இதில் மிச்சம் பிடிக்க மாட்டார். கையேட்டில் கிலோமீட்டரும் காலமும் கொடுத்திருப்பார்கள்; எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். அதிகம் ஓடாத வண்டிக்கும் இது பொருந்தும். பாதி டேங்க்குடன் மழைக்காலம் முழுக்க நிற்கிற வண்டியில் ஈரம் உள்ளேயே படிந்து நீராகிவிடும்.

பல டீசல் ஃபில்டர்களின் அடியில் தண்ணீரை இறக்க ஒரு திருகு உண்டு. எஞ்சின் ஆறியபின் அதைத் தளர்த்தி, வடிவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் தண்ணீர் கீழே தங்கும், டீசல் மேலே நிற்கும். மழை ஓய்ந்ததும் இதைச் செய்வது என் வழக்கமாக இருந்தது. டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் மட்டும் நாள் பார்க்காதீர்கள், அன்றே இறக்கிவிடுங்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுவது பழைய லாரிக் காலத்துப் பழக்கம். வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்தில் இறங்கினால் நேரே பம்புக்குத்தான் போகும். வண்டிக்கு ஏற்றபடி கைப்பம்பை அமுக்கியோ, சாவியைச் சில முறை ஆன் செய்தோ காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெட்ரோல் கார் கதை வேறு. பழைய வண்டிகளில் ஃபில்டர் வெளியே, குழாயின் நடுவில் இருக்கும், மாற்றுவது சுலபம். இப்போதைய பல கார்களில் டேங்க்குக்குள் பம்புடன் சேர்ந்தே இருப்பதால், மாற்றினால் மொத்த அசெம்பிளியின் விலையாகிவிடும். அதனால் அனுமானத்தில் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண எம்பிஎஃப்ஐ எஞ்சினில் அது சுமார் 3 முதல் 4 பார் இருக்கும். நின்ற இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது, ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போதும் அந்த அழுத்தம் குறையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஃபில்டர்மேல் குற்றமில்லை; பிளக், இக்னிஷன் காயில், த்ராட்டில் பாடி என்று வேறு இடத்தில் தேடச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி, டேங்க்கில் துரு கண்ட வண்டி என்றால் தயங்காமல் மாற்றலாம்.

உங்களுடையது டீசல் கார் என்றால், கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதி சர்வீஸ் பில்லில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.