ஒரே கோட்டில் ஒரு திருமுகம்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதையின் ஆறாம் ஸ்தலத்தில், வெரோணிக்கம்மாள் நம் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்ததைத் தியானிக்கிறோம். அவருடைய துகிலில் பதிந்த அம்முகத்தை ஓவியர் பலர் தீட்டியிருக்கின்றனர். ஆயினும் பிரான்சு நாட்டுக் கலைஞர் குளோத் மெலான் 1649-இல் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்துக்கு ஈடானது வேறில்லை என்றே நாம் கருதுகிறோம். மூக்கின் நுனியில் தொடங்கும் ஒரே கோடு, முறுக்குச் சுற்றுவதுபோல் வளைந்து வளைந்து வெளியே விரிகிறது. கண்கள், தாடி, முள்முடி, துகிலின் மடிப்பு எல்லாம் அந்த ஒரு கோட்டிலேயே அமைந்துவிட்டன!

ஒரு கோடு எப்படி முகமாகும்? இரகசியம் கோட்டின் பருமனில் இருக்கிறது. தகட்டுச் சித்திரம் செதுக்குவோர் கையாளும் கருவி, கூரிய முனையுள்ள சிறிய எஃகு உளி. பேனாவைப்போல் அதை இழுப்பதில்லை; உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளவேண்டும். அழுத்தித் தள்ளினால் பள்ளம் ஆழமாகி, அதிக மை தங்கி, கோடு தடித்து அச்சாகும். மெல்லத் தள்ளினால் மயிரிழை போலிருக்கும். தடித்த இடம் நிழல், மெலிந்த இடம் ஒளி. வளைவு வரும்போது கையைவிடத் தகட்டையே அதிகம் திருப்புவார்கள். அதற்காக மணல் அடைத்த தோல் மெத்தைமேல் தகட்டை வைத்திருப்பார்கள்.

மற்றச் சிற்பிகள் நிழல் காட்டக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார்கள். மெலான் உரோமையில் பயின்ற காலத்திலிருந்தே அப்பின்னலைக் குறைத்துக்கொண்டு வந்தவர். செம்பில் தவறிய கோட்டைத் திருத்த முடியாது என்பதில்லை. சுரண்டி, மெருகிட்டு, பின்புறமிருந்து தட்டி மட்டமாக்கலாம். ஆனால் நெருங்கிய வளையங்களுக்கு நடுவே அது எத்தனை சங்கடம்! நோட்டில் பென்சிலால் இருபது வளையம் முட்டாமல் போட்டுப் பாருங்கள், தெரியும்.

படத்தின் அடியில் சில இலத்தீன் சொற்கள் உள்ளன. ஒப்பற்ற ஒருவர் ஒன்றினால் உருவானார், அவர்போல் வேறொருவர் இல்லை என்பது அவற்றின் கருத்து. 'ஒன்று' என்பது அந்தக் கோடு. 'ஒருவர்' யார் என்று நமக்குத் தெரியும். கலைஞர் தம் கைத்திறனையும் அச்சொற்களில் சற்றே சேர்த்துப் புகழ்ந்துகொண்டாரோ என்றும் தோன்றுகிறது.

செதுக்கி முடித்த தகட்டில் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். பள்ளத்து மை தாளில் ஏறும், இடவலம் மாறி. பிரதிகள் பெருகப் பெருகச் செம்பு தேயும். முதலில் மறைவன மயிரிழைக் கோடுகளே. ஆகவே இத்தகைய படங்களில் முன்னதாக எடுத்த பிரதிகளைத்தான் சேகரிப்போர் தேடுகின்றனர்.