நமக்கு நாமே கிராணி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களைக் கேட்டால் பெரட்டைப் பற்றிச் சொல்வார்கள். விடியுமுன் மணி அடிக்கும், ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பார்கள், பெயர் வாசிக்கப்படும். அந்தப் பெயர் செக்ரோலில் ஏறினால்தான் அன்றைய கூலி. அதனால் ஒரு நாள் வேலைக்கே ‘ஒரு பேர்’ என்றும், பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’ என்றும் சொல் வழங்கலாயிற்று. மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை, பேரும் இல்லை.

பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டது 1877-ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறைகள் இங்கே பால் வெட்டினார்கள். ஆனால் பாலை நிறுத்ததும், அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று குறித்ததும் தோட்டத்து ஆட்களே. வெட்டியவர் தம் கையில் தனிக் கணக்கு வைத்திருந்தது அபூர்வம். எடை குறைகிறதே என்று வாய் திறந்து கேட்கலாம். எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இராது.

அந்தத் தோட்டங்களில் அநேகம் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கு வந்து, ஒரு முதலாளியின் கீழ் நில்லாமல் தாமே வேலை எடுத்துச் செய்கிறார்கள். ஒருவர் வயரிங் பார்க்கிறார். ஒருவர் கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கிறார். வீட்டிலிருந்தே தைக்கிற, டியூஷன் சொல்லிக்கொடுக்கிற, கணினியில் விளம்பரம் வரைந்து கொடுக்கிற சகோதரிகள் பலர். ‘பிரீலான்ஸ்’ என்பது இதற்கு இன்றைய பெயர். இவர்களுக்குப் பெரட்டும் இல்லை, கிராணியும் இல்லை. ‘அப்பாடா’ என்று இருக்கிறது அல்லவா? ஆனால் பேர் போட யாருமில்லை என்றால், போன பேர் எத்தனை என்று சொல்லவும் யாருமில்லை.

நம் அனுபவத்தையே சொல்லிவிடுகிறோம். ஒரு நிறுவனத்தாருக்காகச் சில அறிக்கைகளைத் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டோம். மூன்று நாள் வேலை என்று வாயால் பேசினோம். திருத்தத்தின்மேல் திருத்தம் வந்து பதினோரு இரவுகள் போயின. மூன்று நாளுக்கே கூலி வந்தது. மீதியைக் கேட்டபோது, “எந்தெந்த நாள், எத்தனை மணி?” என்று மரியாதையாகவே கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. எழுதி வைக்காதது நம் குற்றம்.

நம் வியாபாரிகள் கணக்கில் குறைந்தவர்கள் அல்லர். கடைத்தெருவில் நாள்வழியும் பேரேடும் வைத்துப் பழகியவர்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தே, அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது ஆயத்து, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை மதரஸாவில் படித்த பிள்ளையும் அறியும். ஆனால் கடைக்காரர் சரக்கையும் காசையும் எழுதினார். நேரத்தை எழுதவேண்டிய தேவை அவருக்கு இல்லை. கைத்தொழிலில் விற்பனையாவதே நேரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சகோதரி பாஜு கூரோங் ஒன்றைத் தைக்க 60 வெள்ளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஷினில் உட்கார்ந்தது நான்கு மணி நேரம். ஆகவே மணிக்கு 15 வெள்ளி என்று சந்தோஷப்படுகிறார். ஆனால் அளவெடுக்கவும் துணியைப் பற்றிப் பேசவும் ஒரு மணி. நூலும் ஊசியும் வாங்கப் பட்டணம் போய்வர ஒரு மணி. இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள் என்று திரும்பி வந்த உடுப்புக்கு அரை மணி. இந்த இரண்டரை மணியும் அவர் மனக்கணக்கில் ஏறவில்லை. நூல், மின்சாரம், பஸ் கட்டணம் சேர்ந்து 8 வெள்ளி. மீதி 52 வெள்ளியை ஆறரை மணியால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளிதான். 2025-இல் அரசு வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைவிட, பத்து வருஷம் தைத்துத் தேர்ந்த கை குறைவாகச் சம்பாதிக்கிறது! அந்தப் பெண்ணுக்கு முதலாளியும் சேமநிதி கட்டுகிறார் என்பதை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் போதும்; கைப்பேசியில் எழுதினாலும் சரி. தேதி, யாருக்கு, என்ன வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வந்த பணம், செலவு. காத்திருந்த நேரத்தையும் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். அன்றன்று இஷாவுக்குப் பிறகு எழுதுவது நல்லது. வாரக் கடைசியில் நினைத்து எழுதுகிற கணக்கு பெரும்பாலும் கற்பனைதான். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்தால் புத்தகம் பயன்படாது. கியூஆர் வழியாக வரும் காசுக்குத் தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள்.

பெருநாளுக்கு முந்திய இரண்டு மாதம் தையல் குவியும். பிறகு மிஷினில் தூசி படியும். ஆகவே ஒரு மாதத்தைப் பார்த்து வருமானத்தை முடிவு செய்யக்கூடாது. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுக்கவேண்டும். ஜகாத் கொடுக்கிறவருக்கும் வருஷத்து மொத்தம் தெரியவேண்டும். குத்துமதிப்பாகக் கொடுத்தால் குறைத்தோமா என்ற சந்தேகம் நெஞ்சில் தங்கும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ தொழில் கணக்குகளை ஏழு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.

விபத்து வந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சுயதொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. அதன்படி சொக்சோவில் சேருகிறவர் தம் மாத வருமானத்துக்கு ஒரு படியைத் தெரிந்தெடுத்துச் சந்தா கட்டுகிறார். கை ஒடிந்து படுத்தால் கிடைக்கும் தொகையும் அந்தப் படியைப் பொறுத்தது. தம் வருமானம் தெரியாதவர் எந்தப் படியில் ஏறுவார்? 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் கூலித் தகராறுகளைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வழி வகுத்திருக்கிறது. அங்கேயும், நமக்கு நேர்ந்தது போல, எந்தெந்த நாள் எத்தனை மணி என்றுதான் கேட்பார்கள்.

அந்தத் தையற்கார சகோதரி அடுத்த உடுப்புக்கு என்ன சொல்லலாம்? மணிக்கு 10 வெள்ளியாவது நிற்கவேண்டும் என்றால் ஆறரை மணிக்கு 65, செலவு 8, ஆக 73 வெள்ளி. நூலை மாதம் ஒரு முறை மொத்தமாக வாங்கி, பட்டணம் போகும் ஒரு மணியை மிச்சம் பிடித்தால் 63-க்கே தைத்துக் கொடுக்கலாம்.